மிஷனரிக்கு குடுக்கணும், ஆனா யார் வழியா? நேரடியா, சங்கமா, சபையா, புராஜெக்ட்டா?

"அண்ணா, மாசாமாசம் ஊழியத்துக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டேன், யாருக்கு அனுப்புறதுன்னு மட்டும் தெரியல"ன்னு சித்தி பையன் கேட்டான். ரெண்டு வரில பதில் போட்டுடலாம்னு தான் உக்காந்தேன், டைப் பண்ணப் பண்ண நீண்டுகிட்டே போச்சு, சரி இதே கேள்வி நிறைய பேருக்கு இருக்கும்னு எல்லாருக்குமா எழுதிட்டேன். நான் பாஸ்டர் இல்ல, எங்க சபை மிஷன் கமிட்டில ஆறு வருஷம் இருந்தவன், அதுக்கு முன்னாடி தனியா குடுத்து சொதப்பினவன், அவ்வளவு தான் நம்ம தகுதி.

நான் பேசுறது உள்ளூர் மிஷனரிங்களைப் பத்தி. அதே நாட்டுக்காரங்க, அந்த ஜனங்க பேசுற மொழி இல்லன்னா பக்கத்து மொழி பேசுறவங்க, வசதி இல்லாத ஜனங்க நடுவுல குடும்பத்தோட போய் தங்கி வேலை செய்றவங்க. விமானத்துல வந்து இறங்குற ஆளுங்க கணக்கே வேற, அது இங்க வேண்டாம்.

முதல்ல நேரடி வழி. தெரிஞ்ச மிஷனரி ஒருத்தரோட அக்கவுண்ட்டுக்கு நாமளே போடுறது. உண்மைய சொல்லணும்னா இதுல கிடைக்கிற சந்தோஷம் வேற எதுலயும் கிடையாது, நடுவுல ஆபீஸ் இல்ல, ஃபார்ம் இல்ல, காலைல போட்டா சாயங்காலம் "கிடைச்சுது பிரதர், சரியான நேரம்"னு மெசேஜ் வரும், அவங்க பிள்ளைங்க பேரு நமக்குத் தெரியும், ஜெபிக்கும்போது முகம் ஞாபகம் வரும். நான் ஒரு குடும்பத்தை மூணு வருஷம் இப்படித் தான் தாங்கினேன். அவங்க வருமானத்துல பாதிக்கு மேல என்னோட பணம் தான்னு எனக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்ல, எப்படி சொல்லுவாரு. அப்புறம் எனக்கு வேலை போச்சு. ஏழு மாசம் ஒண்ணும் அனுப்ப முடியல. அதை விட மோசம், கூச்சத்துல அவர் போனை நான் எடுக்கவே இல்ல. பின்னாடி வேற ஒருத்தர் சொல்லித் தான் தெரிஞ்சது, அந்த ஏழு மாசத்துல அவங்க வட்டிக்கு வாங்கி, மூத்த பொண்ணை ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டாங்கன்னு. எனக்கு கஷ்டம் வந்தப்போ சபை இருந்துச்சு, சொந்தக்காரங்க இருந்தாங்க. அவருக்கு இருந்தது நான் ஒருத்தன் மட்டும் தான், அந்த நிலைமைல அவரை வச்சதும் நான் தான்.

நேரடியா குடுக்கிறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, அது மெதுவா தான் கண்ணுல படும். பணம் குடுக்கிறவன் ஒரே ஆளா இருந்தா அவன் தான் முதலாளி. நாம அப்படி நினைக்க மாட்டோம், ஆனா அவர் அப்படித் தான் நினைப்பார். இந்த மாசம் யாரும் கூட்டத்துக்கு வரல, எனக்கே மனசு சோர்வா இருக்குன்னு எழுத வேண்டிய இடத்துல, அண்ணனுக்கு எது சந்தோஷமா இருக்குமோ அது எழுதுவார். பொய்யின்னு சொல்ல மாட்டேன், பயம். அப்புறம் சட்டம். வெளிநாட்டுல இருந்து மதம் சார்ந்த வேலைக்கு பணம் வாங்கணும்னா பல நாடுகள்ல தனி அனுமதி வேணும், அது இல்லாம ஒரு தனி ஆள் அக்கவுண்ட்டுக்கு அன்பா அனுப்பினா அனுப்பினவனுக்கு ஒண்ணும் ஆகாது, வாங்கினவர் தான் போய் பதில் சொல்லிகிட்டு நிக்கணும். நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கன்னா இதை விசாரிக்காம தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க.

சங்கம் மூலமா குடுக்கிறது ரெண்டாவது வழி. மிஷனரி சங்கம்னதும் நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறது "ஆபீஸ் செலவுக்கு எத்தனை பர்சென்ட் போகுது?" நானும் கமிட்டில சேர்ந்த புதுசுல அதே கேள்விய நெஞ்ச நிமித்திகிட்டு கேட்டவன் தான். இப்ப கேட்டா சிரிப்பு வருது. ஏன்னா பணித்தளத்துக்கு போறதுக்கு முன்னாடி ட்ரெய்னிங், அந்த மொழிய கத்துக்க ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, குடும்பத்துக்கு மருத்துவச் செலவு, பிள்ளைங்க படிப்பு, ஒரு இடத்துல பிரச்சனை வந்தா வேற இடத்துக்கு மாத்துறது, மிஷனரி இறந்துட்டா அவர் மனைவிக்கு என்ன வழி, வயசாகி திரும்பி வந்தா தங்க எடம், இதெல்லாம் கணக்குல எந்த தலைப்புல வரும்? பாதி இந்த "ஆபீஸ் செலவு"க்குள்ள தான் வரும். ஆபீஸ் செலவே இல்லன்னு பெருமையா சொல்ற அமைப்ப பாத்தா எனக்கு இப்பல்லாம் சந்தேகம் தான் வருது, ஒண்ணு கணக்க வேற எங்கயோ எழுதுறாங்க, இல்ல இதுல எதையுமே செய்யாம மிஷனரி தலைல கட்டி விட்டிருக்காங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. பின்னாடி பிஷப் ஆன வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தப்போ அங்க இருந்த கிறிஸ்தவங்க தாங்களே ஆள் அனுப்பி தாங்களே செலவு பாத்துக்கிறதை பாத்துட்டு வந்து, 1903ல திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரா நின்னார். ஆளும் இந்தியர், பணமும் இந்தியரோடது, நிர்வாகமும் இந்தியரோடதுன்னு முடிவு பண்ணி, தெலுங்கு பேசுற தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1905 டிசம்பர் 25ல செராம்பூர்ல நேஷனல் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சதுலயும் அவர் இருந்தார். 1910ல எடின்பரோவுல உலக மிஷனரி மாநாடு நடந்தப்போ வெள்ளைக்கார மிஷனரிங்க முன்னாடி எழுந்து, நீங்க ஏழைகளுக்கு உங்க சொத்தை குடுத்தீங்க, உங்க சரீரத்தையும் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களை குடுங்கன்னு அவர் பேசினது ரொம்ப பிரபலம். பணம் குடுக்கிற கை மேலயும் வாங்குற கை கீழயும் இருந்தா அங்க நட்பு வராதுன்னு அந்த மனுஷனுக்கு அனுபவத்துல தெரிஞ்சிருக்கு. இன்னிக்கு குடுக்கிற எடத்துல நாமளே உக்காந்திருக்கோம், அதே பேச்சு இப்ப நமக்கு.

அதுக்காக எல்லா சங்கமும் தங்கம்னு சொல்ல வரல. நான் பாத்த ஒரு அமைப்பு ஒரே மிஷனரி போட்டோவ அஞ்சாறு பேருக்கு "இவர் உங்க மிஷனரி"ன்னு அனுப்பி வச்சிருந்துச்சு. கேட்டா, எல்லா பணமும் ஒரே பொதுநிதிக்கு தான் வருது, அதுல இருந்து தான் எல்லாருக்கும் பிரிச்சு தர்றோம்னாங்க. பொதுநிதி நல்ல முறை தான், என் குடும்பத்துக்கு நடந்த மாதிரி, ஸாரி, நான் தாங்கின குடும்பத்துக்கு நடந்த மாதிரி ஒரு ஸ்பான்சர் நின்னுட்டா ஒரு வீட்டு அடுப்பு அணையாது. ஆனா அதை முதல்லயே சொல்லிட்டு போக வேண்டியது தானே, போட்டோ எதுக்கு? அதே மாதிரி கண்ணீர் வடிக்கிற குழந்தை படம், கிழிஞ்ச சட்டை, மூக்கு ஒழுகுற பிள்ளை, இதையே அட்டைப்படமா போட்டுகிட்டு இருக்கிற பத்திரிகைய பாத்தா நான் பக்கத்த திருப்பிடுவேன். அந்த பிள்ளையோட அம்மாகிட்ட யாராவது கேட்டாங்களா?

சங்கத்துக்கிட்ட பர்சென்ட்டுக்கு பதிலா நான் கேக்குறது இதெல்லாம் தான்: வருஷா வருஷம் வெளி ஆடிட்டர் பாத்த கணக்கு கேட்டா அனுப்புவீங்களா, போர்டுல தலைவர் குடும்பத்து ஆளுங்க எத்தனை பேரு, போன வருஷம் எத்தனை மிஷனரிங்க விட்டுட்டு போனாங்க, ஏன் போனாங்க, முப்பது வருஷம் வேலை செஞ்ச ஒருத்தருக்கு கடைசில என்ன குடுத்து அனுப்புறீங்க. கடைசி கேள்விக்கு வர்ற பதில்லயே பாதி தெரிஞ்சுடும்.

மூணாவது, சபை வழியா. எனக்கு பிடிச்ச வழி, ஆனா ரொம்ப பொறுமைய சோதிக்கிற வழி. பவுல் எருசலேம்ல இருந்த ஏழைங்களுக்கு காணிக்கை சேத்தப்போ தான் மட்டும் எடுத்துட்டு போகல, சபைங்க தெரிஞ்சு அனுப்பின சகோதரன் ஒருத்தரையும் தன்னோட உடன் ஊழியர் தீத்துவோட கூட அனுப்பினார், யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு தான் இப்படி பண்றோம்னு 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்துலயே எழுதி வச்சிருக்கார். அப்போஸ்தலனே தன்ன நம்பி விடுங்கன்னு சொல்லல, நம்ம ஆளுங்க ரசீது கேட்டா "விசுவாசம் இல்லையா"ன்னு கேக்குறாங்க. அதே மாதிரி பிலிப்பி சபை பணத்தை எப்பாப்பிரோதீத்து கையில குடுத்து விட்டு, அவரையே பவுலுக்கு கூட இருந்து உதவி செய்யவும் சொன்னாங்க, பணமும் போச்சு ஆளும் போனார், போன இடத்துல சாகுற அளவுக்கு வியாதியும் ஆச்சு.

சபை வழியில நல்லது என்னன்னா ஒருத்தனுக்கு வேலை போனாலும் மத்தவங்க இருக்காங்க. மிசோரம் சபைகள்ல 1910 வாக்குல ஒரு பழக்கம் ஆரம்பிச்சாங்க, 'புஃபாய் தாம்'னு பேரு, ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசி எடுத்து தனியா வைப்பாங்க, அதை சபை சேத்து வித்து ஊழியத்துக்கு செலவு பண்ணும். இன்னிக்கும் நடக்குது, அவங்க அனுப்புற மிஷனரிங்க எத்தனையோ பேருக்கு அதுல இருந்து தான் போகுது. பணக்காரங்க யாரும் இல்லாத எடத்துல ஆரம்பிச்ச விஷயம் அது. ஒரு வீட்ல ஒரு நாள் அரிசி இல்லன்னா எந்த மிஷனரிக்கும் ஒண்ணும் ஆகாது பாருங்க, எனக்கு அந்த எடம் தான் உறைச்சுது.

கெட்டது? கமிட்டி. ஒரு முடிவுக்கு நாலு மீட்டிங். பாஸ்டர் மாறினா அவருக்கு தெரிஞ்ச மிஷனரி உள்ள வருவார், பழைய ஆள் சத்தமில்லாம லிஸ்ட்டுல இருந்து போயிடுவார். அதை விட பெரிய எதிரி கட்டிட நிதி, கட்டிடம்னு ஒண்ணு ஆரம்பிச்சுட்டா மிஷன் பணத்துல "தற்காலிகமா" கை வைப்பாங்க, அந்த தற்காலிகம் எப்ப முடியும்னு கர்த்தருக்கு தான் தெரியும். உங்க சபைல மிஷன் நிதி தனி அக்கவுண்ட்டா இருக்கா, இல்ல பொதுக் கணக்குல ஒரு வரியான்னு முதல்ல பாருங்க. ஒரு வரின்னா அது எப்ப வேணா அழியும்.

புராஜெக்ட் பத்தி சுருக்கமா. கிணறு, தையல் மெஷின், பைக், ஆலயக் கூரை, மெடிக்கல் கேம்ப். ஒரு தடவை குடுத்து முடிச்சுடலாம், கல்வெட்டுல பேரும் வரும், அதனால தான் இது எல்லாருக்கும் பிடிக்குது. அவங்களே கேட்டு, யார் ரிப்பேர் பாக்குறதுன்னு அவங்களே முடிவு பண்ணியிருந்தா தாராளமா குடுங்க. நாமளா யோசிச்சு குடுத்த தையல் மெஷின் எத்தனை ஊர்ல மூலைல துணி போத்தி நிக்குதுன்னு எண்ணினா நமக்கு தான் கேவலம். பைக் குடுத்தா பெட்ரோலுக்கு யாருன்னு கேக்காம குடுக்காதீங்க. குரூப்பா பத்து நாள் போய் பெயின்ட் அடிச்சு போட்டோ எடுத்துட்டு வர்ற ட்ரிப்பும் இந்த வகை தான், போறவங்களுக்கு நல்லது, அதை மிஷனரிக்கு செஞ்ச உதவின்னு கணக்கு எழுதாம இருந்தா சரி.

கடைசியா ஒண்ணு, இதை நிறைய பேரு ஒரு ஆப்ஷனாவே நினைக்கிறதில்ல. மிஷனரி தானே சம்பாதிக்க உதவுறது. மாசம் அனுப்புறதுக்கு பதிலா தொழில் கத்துக்கவோ, கடை போடவோ, நிலம் குத்தகைக்கு எடுக்கவோ ஒரு தொகை. பவுல் கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லா வீட்ல தங்கி கூடாரம் பண்ணார்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், பாதி பேரு அதோட நிறுத்திட்டு "பவுலே வேலை செஞ்சார், உங்களுக்கு என்ன"ன்னு மிஷனரிகிட்ட கேப்பாங்க. அப்போஸ்தலர் 18ல இன்னும் ரெண்டு வசனம் தள்ளி படிக்கணும், கூட ஊழியம் செஞ்ச சீலாவும் தீமோத்தேயும் மக்கெதோனியாவுல இருந்து வந்த உடனே அவர் முழுசா பிரசங்கத்துல இறங்கினார். மக்கெதோனியால இருந்து வந்த சகோதரர்கள் என் குறைவை நிறைவாக்கினாங்கன்னு அவரே 2 கொரிந்தியர் 11ல சொல்றார். கொரிந்துக்காரங்ககிட்ட வாங்கல, தூரத்துல மக்கெதோனியாவுல இருக்கிற பிலிப்பிக்காரங்ககிட்ட வாங்கினார். யார்கிட்ட வாங்கினா வாய் அடைபடும், யார்கிட்ட வாங்கினா அடைபடாதுன்னு மனுஷனுக்கு நல்லா தெரிஞ்சிருந்துச்சு.

இங்கிலாந்துல இருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியும் அப்படி வேலை செஞ்சவர் தான். 1792ல கெட்டரிங்ல ஒரு விதவை வீட்ல கூடி 13 பவுண்ட் 2 ஷில்லிங் 6 பென்ஸ் எழுதி தான் அவரை அனுப்பின பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் ஆரம்பிச்சுது. கூட வந்த டாக்டர் பணத்த சரியா பாத்துக்கல, வங்காளத்துல வந்து இறங்கி கொஞ்ச நாள்லயே குடும்பம் கையில காசில்லாம நின்னுச்சு, 1794ல அவுரிச் சாயத் தொழிற்சாலைல மேனேஜர் வேலை கிடைச்ச பிறகு தான் மூச்சு வந்துச்சு. நான் கிணத்துல இறங்குறேன் நீங்க கயித்தப் புடிங்கன்னு கேரி கேட்டதா ஒரு கதை ஊழியக் கூட்டத்துல ஆயிரம் தடவ கேட்டிருப்பீங்க. கயித்தப் புடிச்ச ஆண்ட்ரூ ஃபுல்லர் அப்புறம் என்ன பண்ணார்னு யாரும் சொல்றதில்ல. தன் சபையையும் பாத்துகிட்டு, ஊர் ஊரா போய் பணம் சேத்து, லெட்டர் எழுதி, 1815ல சாகுற வரைக்கும் அந்த சங்கத்து செக்ரட்டரியாவே இருந்தார், இருபது வருஷத்துக்கும் மேல. ஏழு மாசத்துல போனை எடுக்காம விட்ட எனக்கு அந்த வருஷக் கணக்கு கொஞ்சம் குத்தும்.

சுயமா சம்பாதிக்கிற வழியில ஆபத்தும் இருக்கு, அது லேசான ஆபத்து இல்ல. ஜெர்மனியில இருந்த மொரேவியன் சபையோட மிஷனரிங்க 1732ல கரீபியன் செயின்ட் தாமஸ் தீவுக்கு போனாங்க, ஒருத்தர் குயவர், ஒருத்தர் தச்சர், அடிமைகளுக்கு சுவிசேஷம் சொல்லணும், கைவேலை செஞ்சு சாப்பிடணும்னு தான் போனாங்க. சில வருஷத்துல அந்த மிஷனே அங்க ஒரு தோட்டம் வாங்குச்சு, தோட்டத்தோட அடிமைகளும் சேந்து வந்தாங்க. யாருக்கு ஊழியம் பண்ண போனாங்களோ அவங்களையே சொந்தம் கொண்டாடுற நிலைமை. தொழில்னு இறங்கினா அந்த ஊர்ல தொழில் எப்படி நடக்குதோ அதுக்குள்ள நாமளும் போயிடுவோம், ஏழைங்களுக்கு நடுவுல மிஷனரியே கடன் குடுக்கிறவரா, கூலிக்கு ஆள் வைக்கிறவரா ஆயிட்டா அப்புறம் அவர் சொல்ற நற்செய்தி அவங்க காதுல எப்படி விழும்னு யோசிங்க.

வெளியில இருந்து பணம் போடுறதுக்கே எதிர் பக்கத்துல இருந்து ஜான் நீவியஸ்னு ஒருத்தர் பேசினார். சீனாவுல வேலை செஞ்ச அமெரிக்க மிஷனரி. வெளிப் பணத்துல உள்ளூர் ஆளுங்களை சம்பளத்துக்கு வைக்கிற முறை சபைய கெடுக்குது, நிஜமா விசுவாசிக்கிறவன் யாரு சம்பளத்துக்கு வந்தவன் யாருன்னே தெரியாம போகுது, சொந்த ஊர்ல சொந்த தொழிலோட நல்லா சாட்சியா இருந்தவனை புடுங்கி எடுத்து ஏஜென்ட் ஆக்கிடுறோம்னு எழுதினார். 1890ல கொரியாவுக்கு கூப்பிட்டாங்க, ரெண்டு வாரம் பேசிட்டு வந்தார், அங்க இருந்த இளம் மிஷனரிங்க அதைப் பிடிச்சுகிட்டாங்க, கொரியா சபைங்க சொந்தக் காசுல நின்னு வளந்ததுக்கு அதையும் ஒரு காரணமா சொல்றாங்க. எனக்கு இதுல பாதி சம்மதம். தன் ஊர்லயே இருக்கிற விசுவாசிக்கு வெளில இருந்து சம்பளம் போடாதீங்கங்கிறது சரி. ஆனா சபையே இல்லாத எடத்துக்கு, வேற மொழி ஜனங்ககிட்ட, பிள்ளைகுட்டியோட போறவரை யார் தாங்குறது? அங்க இருக்கிற ஜனங்களே ஒரு வேளை சாப்பாட்டுக்கு அல்லாடுறாங்க.

எந்த வழியா இருந்தாலும் ஒரு விஷயத்துல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். சாப்பாடு, மருந்து, டியூஷன், இதெல்லாம் ஆராதனைக்கு வர்றவங்களுக்கு மட்டும்னு இருந்தா அங்க குடுக்காதீங்க. பசியில இருக்கிறவன்கிட்ட நிபந்தனை போட்டா அவன் எதுக்கு வேணா தலையாட்டுவான், அரிசிக்காக வர்றவங்களை 'அரிசி கிறிஸ்தவங்க'ன்னு கேலி பண்ற பழக்கம் பழங்காலத்துல இருந்தே இருக்கு, அவங்களை கேலி பண்ணி என்ன, அந்த நிலைமைய உண்டாக்கினது குடுத்தவன் தானே. ரிப்போர்ட்ல "இத்தனை பேரு ஞானஸ்நானம்"னு நம்பர் மட்டும் பெருசா இருந்து, அந்த ஊர்ல காசநோய் மருந்து பாதில நிறுத்தினவங்கள திரும்ப கூட்டிட்டு போனோம், ரெண்டு பிள்ளைங்க ஸ்கூலுக்கு திரும்பினாங்கன்னு சின்ன விஷயம் ஒண்ணுமே இல்லன்னா எனக்கு அது உறுத்தும்.

சரி, சித்தி பையனுக்கு என்ன சொன்னேன்? உன் வேலை புதுசு, நாளைக்கே போகலாம், அதனால ஒரு குடும்பம் உன்ன மட்டும் நம்பி நிக்கிற மாதிரி எதுவும் பண்ணாத. பொதுநிதி வச்சிருக்கிற ஒரு சங்கத்துக்கு, முடிஞ்சா உன் சபை மிஷன் நிதி வழியாவே, கையக் கடிக்காத ஒரு தொகை, அதை நிறுத்தாம. கூடுறப்போ கூட்டிக்கோ. "இதுக்கு மட்டும் செலவு பண்ணுங்க"ன்னு கட்டளை போடாத, அங்க எது தேவைன்னு அவங்களுக்கு தெரியும். நேரடியா தெரிஞ்ச மிஷனரி இருந்தா அவருக்கு மாசச் சம்பளமா இல்லாம, பிள்ளைங்க ஃபீஸ், ஆஸ்பத்திரி மாதிரி அப்பப்ப, அதுவும் அவரோட சபை மூப்பர் ஒருத்தருக்கு தெரிஞ்சு குடு, ரகசியமா குடுத்தா அவருக்கு தான் சங்கடம். அப்புறம் போன் பண்ணு, பணம் இல்லாத மாசமும் பண்ணு. என் அனுபவத்துல சொல்றேன், பணம் இல்லாத மாசம் தான் கண்டிப்பா பண்ணணும்.

நான் தாங்கின அந்த குடும்பத்துக்கு பின்னாடி நான் போய் மன்னிப்பு கேட்டேன். அவர் திட்டல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பொண்ணு ஒரு வருஷம் பின்தங்கி, திரும்ப சேந்து, இப்ப நர்சிங் படிக்குது. அவங்க இப்ப ஒரு சங்கத்துல இருக்காங்க, எங்க சபை அந்த சங்கத்துக்கு தான் அனுப்புது.

தம்பி ரெண்டு சங்கத்துக்கு லெட்டர் போட்டான். ஒண்ணுல இருந்து பதிலே இல்ல. இன்னொண்ணு ஆடிட் கணக்கு, போர்டு லிஸ்ட் எல்லாம் அனுப்பியிருக்கு, வயசான மிஷனரிங்களுக்கு என்ன ஏற்பாடுங்கிற கேள்விய மட்டும் தாண்டிட்டு போயிட்டாங்க. திரும்ப கேளுன்னு சொல்லியிருக்கேன்.